டிங்கியின் ஐந்திணை: சிறு பாய்ப்படகில் குட்டிப்படகு கிடக்கும் இடம் குறித்து ஓர் ஆராய்ச்சி

கடற்பயண வரலாறுகளைப் புரட்டினால் ஒரு குறை கண்ணில் படும். அட்லாண்டிக் எத்தனை மைல், பசிபிக் எத்தனை மைல் என்று அளந்து எழுதியவர்கள், நங்கூரம் பாய்ச்சிய இடத்துக்கும் கரையில் தக்காளி விற்கும் கடைக்கும் நடுவே கிடக்கும் 200 மீட்டரைப் பற்றி அரைப் பக்கம் எழுதுவதற்கே யோசிக்கிறார்கள். 3,000 மைல் ஓடி வந்த படகு அந்த 200 மீட்டர் வர மறுத்துவிடும். அதன் அடியில் கனத்த கீல் தொங்குகிறது. தண்ணீர் ஒன்றரை மீட்டருக்குக் குறைந்தால் தரைதட்டும். தக்காளி வேண்டுமென்றால் இன்னொரு படகு வேண்டும். அந்த இன்னொரு படகே டிங்கி. எதைத் தேர்வது, தேர்ந்ததை எங்கே போட்டு வைப்பது என்பன இவ்வாராய்ச்சியின் பொருள்.

முதலில் எல்லை வகுத்துக்கொள்வோம். தாய்ப்படகு என இங்கே சுட்டப்படுவது 8 முதல் 9 மீட்டர் நீளமும் ஒற்றைப் பாய்மரமும் கொண்டு, இருவர் தங்கிப் பயணம் போகும் பாய்ப்படகு. இங்கிலாந்தின் தென்கரையிலும் கிரேக்கத் தீவுகளிலும் கரீபியக் குடாக்களிலும் இவை மந்தை மந்தையாக நிற்கும். 30 மீட்டர் சொகுசுப் படகுகளை விலக்கிவிட்டோம். அவற்றில் டிங்கிக்கென்றே கராஜும் கிரேனும் உண்டு. கராஜ் வைத்திருப்பவருக்கு ஆராய்ச்சி எதற்கு?

இனிக் கருதுகோள். டிங்கி தாய்ப்படகின் துணைக்கருவி என்று உலகம் நினைக்கிறது. என் துணிபு வேறு: தாய்ப்படகுதான் துணைக்கருவி, டிங்கியை ஒரு குடாவிலிருந்து மறு குடாவுக்குச் சுமந்து போகும் சுமைவண்டி. ஐயமுள்ளவர் படகுகள் நங்கூரமிட்டு நிற்கும் ஒரு குடாவை ஒரு மாலைப் பொழுது கவனிக்கட்டும். தாய்ப்படகுகள் சும்மா நிற்கும். தண்ணீர் கேன், ரொட்டி, அழுக்குத்துணி மூட்டை, நாய், விருந்தாளி, அதிகாரியிடம் காட்டவேண்டிய பாஸ்போர்ட் எல்லாம் டிங்கியில்தான் போய்வரும். காற்று வலுத்தால் இரண்டாவது நங்கூரத்தை ஏற்றிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வருவதும் டிங்கிதான். உழைப்பவருக்கே உடைமை என்னும் கொள்கைப்படி பார்த்தால், தாய்ப்படகு டிங்கிக்குச் சொந்தம்.

இத்துறையில் விதிகள் இரண்டு. ஒன்று: உட்கார்ந்து போக வசதியான டிங்கி தூக்கி வைக்க வசதிப்படாது. இரண்டு: தூக்கி வைக்க வசதியான டிங்கி உட்கார்ந்து போக வசதிப்படாது. இரண்டும் ஒன்றுதானே என்பவர் டிங்கிக் கடையில் நின்று பார்த்ததில்லை. கடைக்காரர் முதல் விதியைச் சொல்ல மாட்டார். இரண்டாம் விதியைக் கடல் சொல்லும். கணக்காகப் பார்த்தால், இரண்டு பேரும் ஒரு வாரச் சாமானும் நனையாமல் போய்ச்சேர 3 மீட்டர் டிங்கி இருந்தால் நல்லது. தாய்ப்படகின் மேல்தளத்தில் பாய்மரத்துக்கும் அறைக்கு இறங்கும் வாசலுக்கும் நடுவே கிடைப்பதோ 2 மீட்டர்தான். இந்த ஒரு மீட்டர் பற்றாக்குறையிலிருந்தே இத்துறையின் அறிவு முழுவதும் பிறந்தது.

அந்த ஒரு மீட்டரை ரம்பத்தால் தீர்த்தவர் ஜோஷுவா ஸ்லோகம். தனியாளாக உலகைப் பாய்ப்படகில் சுற்றிவந்த முதல் மனிதர். 1895இல் பாஸ்டனிலிருந்து கிளம்பி 1898இல் திரும்பினார். அவருடைய ‘ஸ்ப்ரே’ ஏறக்குறைய 37 அடி; நம் வரம்பைவிடச் சற்றுப் பெரிது, ஆனாலும் அவருக்கும் இடம் போதவில்லை. கிளாஸ்டர் துறைமுகத்தில் யாரோ கைவிட்ட டோரி என்னும் மீன்பிடிப் படகு ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. அதைக் குறுக்கே இரண்டாக அறுத்தார். வெட்டுவாயைப் பலகை வைத்து அடைத்தார். பாதிப் படகை மட்டும் வைத்துக்கொண்டார். முழுப்படகை ஒற்றை ஆள் தூக்கி இறக்க முடியாது, பாதியானால் பாய் ஏற்றும் கயிற்றிலேயே மாட்டித் தூக்கிவிடலாம் என்பது அவர் கணக்கு. தளத்தில் குறுக்கே வைத்தபோது அது துணி துவைக்கவும் ஆகும், குளிக்கும் தொட்டியாகவும் ஆகும் என்றும் கண்டுகொண்டார். டிங்கி கடலில் மிதக்கும் நேரத்தைவிடத் தளத்தில் கிடக்கும் நேரமே அதிகம் என்பதையும், கிடக்கும் நேரத்திலும் அதற்கு வேலை கொடுக்கலாம் என்பதையும் முதலில் உணர்ந்த மேதை அவர்.

பாதிப் படகுக்குப் பாதிப் புத்திதான் உண்டு என்று எதிர்க்கட்சியார் சொல்லலாம். உருகுவே கரையில் ஸ்ப்ரே தரைதட்டியபோது, ஸ்லோகம் அந்தப் பாதி டோரியில் நங்கூரத்தையும் கயிற்றையும் ஏற்றிக்கொண்டு ஆழத்தில் போடப் போனார். டோரி கவிழ்ந்தது. தமக்கு நீச்சல் தெரியாது என்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. உலகைத் தனியே சுற்றியவரை மூழ்கடிக்கப் பார்த்தது நடுக்கடல் புயலன்று, கரையோரத்தில் ஒரு டிங்கி. இரண்டாம் விதிக்கு இதைவிட நல்ல மேற்கோள் எனக்குக் கிடைக்கவில்லை.

ஸ்லோகம் எறிந்த மறுபாதியையும் பின்னால் வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். டிங்கியை இரண்டு துண்டாகவே கட்டுவது, முன்துண்டைப் பின்துண்டுக்குள் கவிழ்த்து அடக்கி வைப்பது, கரைக்குப் போகும்போது போல்ட் போட்டு முடுக்குவது என்பது அவர்கள் முறை. 3 மீட்டர் படகு 1.6 மீட்டருக்குள் அடங்கிவிடும். போல்ட் கடலில் விழுந்தால் என்ன செய்வது என்ற வினாவுக்கு இப்பள்ளியினர், உபரி போல்ட் வைத்திருக்க வேண்டும் என்று விடை பகர்கின்றனர். உபரி போல்ட் வைத்த டப்பாவை எங்கே வைப்பது என்பது தனி ஆய்வுக்குரியது.

முனையை வெட்டிவிடுவது மற்றொரு மரபு. கூர்முனை கண்ணுக்கு அழகு, ஆனால் அதில் ஆளும் உட்கார முடியாது, மூட்டையும் வைக்க முடியாது. எனவே முன்பக்கத்தையும் மொட்டையான பலகையால் அடைத்துவிட்டால் அதே நீளத்தில் கூடுதல் இடம். பிராம் எனப்படும் இவ்வகைக்கு உலகறிந்த உதாரணம் ‘ஆப்டிமிஸ்ட்’. 1947இல் ஃபுளோரிடாவின் கிளியர்வாட்டரில் கிளார்க் மில்ஸ் என்பவர் சிறுவர்களுக்காக வடிவமைத்தது. 8 அடிக்கு 4 அடி பிளைவுட் பலகை இரண்டில் முடிந்துபோகும்படி வரைந்ததால் அதன் நீளம் 2.3 மீட்டரில் நின்றது. டிங்கிகளின் நீளத்தைக் கடல் தீர்மானிக்கிறது என்று நம்பியிருந்தோம். மரக்கடைக்காரருக்கும் அதில் பங்கு உண்டு என்று தெரிகிறது.

டிங்கியை வைக்க இடமில்லாவிட்டால் உடுத்திக்கொண்டுவிடலாம் என்று ஒருவர் எண்ணினார். இது கேலியில்லை. பிரிட்டிஷ் கடற்படை லெப்டினன்ட் பீட்டர் ஹால்கெட், 1840களில், ரப்பர் பூசிய துணியில் ஒரு மேலங்கி தைத்தார். போட்டுக்கொண்டால் மழைக்கோட்டு. கழற்றித் துருத்தியால் காற்றடித்தால் சில நிமிடங்களில் ஒருவர் போகும் படகு. கைத்தடியில் ஒரு மட்டையைச் செருகினால் துடுப்பு. குடையை விரித்தால் பாய். தேம்ஸ் நதியில் கியூவிலிருந்து வெஸ்ட்மின்ஸ்டர் பாலம்வரை அதில் போயும் காட்டினார். கடற்படைத் தலைமையகம், மிகவும் புத்திசாலித்தனமான கண்டுபிடிப்பு, ஆய்வுப் பயணங்களுக்கு உதவலாம், கடற்படையின் பொதுப் பயன்பாட்டுக்கு உகந்ததன்று என்று பதில் எழுதியது. அரசு அலுவலகத்தில் மனுக் கொடுத்தவர்களுக்கு அந்த நடை புரியும். ஆனால் ஆர்க்டிக் போன ஜான் ரே போன்றோர் ஹால்கெட்டின் காற்றுப்படகுகளை நன்றாகவே பயன்படுத்தினார்கள். ஸ்காட்லாந்தில் ஆர்க்னித் தீவுகளின் ஸ்ட்ரோம்னஸ் அருங்காட்சியகத்தில் ஒன்று இன்றும் இருக்கிறது. கோட்டும் படகும் ஒன்றாவதில் ஒரே இடர்ப்பாடுதான்: மழையில் படகில் போகும்போது போட்டுக்கொள்ளக் கோட்டு இருக்காது.

டிங்கி கிடக்கும் இடங்களைப் பற்றி மேலைநாட்டு நூலோர் நிறைய எழுதியிருந்தாலும் வகைப்படுத்தத் தெரியாமல் எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்குத் திணைக் கோட்பாடு தெரியாதது காரணம். நிலமும் பொழுதும் முதற்பொருள், ஒழுக்கம் உரிப்பொருள் என்று கொண்டால் எல்லாம் தானே இடத்தில் விழும்.

குறிஞ்சி என்பது தாய்ப்படகின் முன்தளம். இங்கே டிங்கியைக் கவிழ்த்துக் கட்டுவர். சிறுபொழுது யாமம், உரிப்பொருள் புணர்தல். நள்ளிரவில் நங்கூரம் இழுபடுகிறதோ என்று பார்க்கப் போகிறவரின் முழங்காலும் டிங்கியின் விளிம்பும் இங்கேதான் கூடும். களவொழுக்கம் என்பதால் முன்னறிவிப்பு இராது. முன்தளக் கதவைத் திறக்க முடியாது, நங்கூரச் சங்கிலியை நிமிர்ந்து இழுக்க முடியாது, சுக்கான் பிடிப்பவருக்கு எதிரே வருவது தெரியாது. எந்த அளவையிலும் கெட்ட இடம், ஆயினும் பல படகுகளில் டிங்கி இங்கேதான் கிடக்கிறது, மற்ற இடங்கள் இன்னும் கெட்டவை என்பதால்.

மருதம் என்பது அறையின் கூரை. பொழுது வைகறை, உரிப்பொருள் ஊடல். கனமான பொருள் படகின் நடுவில் இருப்பதே முறை என்பதால் கடலறிந்தவர்கள் இந்த இடத்தையே போற்றுகின்றனர். எரிக் ஹிஸ்காக்கும் சூசன் ஹிஸ்காக்கும் 1952 முதல் 1955 வரை ‘வாண்டரர் 3’ என்ற 30 அடிப் படகில் உலகைச் சுற்றியபோது அவர்களின் டிங்கி கூரையில்தான் கவிழ்ந்து கிடந்தது. ஆனால் கூரையின் நடுவில்தான் அறைக்குக் காற்று தரும் சாளரமும் இருக்கிறது. டிங்கி அதன்மேல் கவிழ்ந்தால் கரீபிய இரவில் உள்ளே வேகும். விடியும்போது, இந்தப் படகை வாங்கலாம் என்று சொன்னது யார் என்ற ஆராய்ச்சி தொடங்கும். தலைவன் பாய் தூக்கப் போவதுபோல் வெளியே போய்விடுவான். பாயின் கீழ்ச்சட்டம் டிங்கியில் இடித்து, அளக்காமல் வாங்கியதை ஊருக்கே அறிவிக்கும். இந்த ஊடல் தீர ஒரே வழி தாய்ப்படகையும் டிங்கியையும் ஒரே ஆள் வரைவது. அமெரிக்கரான லைல் ஹெஸ், லின்–லாரி பார்டி தம்பதியர் உலகம் சுற்றிய ‘செராஃபின்’, ‘டாலியெசின்’ என்ற இரு படகுகளையும் வரைந்தவர். 7, 8, 9 அடிகளில் வரும் ‘ஃபாட்டி நீஸ்’ என்ற உருண்டு திரண்ட டிங்கியும் அவர் கைவண்ணம்தான்.

நெய்தல் படகின் பின்பக்கம். இரு இரும்புக் கைகளில் டிங்கியைத் தொங்கவிடுவது. பொழுது எற்பாடு, உரிப்பொருள் இரங்கல். குடாவுக்குள் பார்க்க அழகாக இருக்கும். வெளிக்கடலில் பின்னாலிருந்து ஓர் அலை ஏறி டிங்கியை நிரப்பினால் அரை டன் தண்ணீர் பின்புறம் தொங்கும். சிறு படகின் பின்விளிம்பில் காற்றுச்சுக்கான், சூரியத் தகடு, ஏணி, அவுட்போர்டு மோட்டார் எல்லாம் ஏற்கெனவே பட்டா வாங்கிக் குடியேறியிருக்கின்றன என்பதும் கருதத்தக்கது.

பாலை என்பது கயிற்றில் கட்டிப் பின்னால் இழுத்துவருதல். பொழுது நண்பகல், உரிப்பொருள் பிரிவு. இதற்கு உரை தேவையில்லை. உரையாசிரியர்கள் இரண்டு குறிப்புகள் மட்டும் தருவர். தாய்ப்படகின் பின்னே எழும் அலையின் முன்சரிவில் டிங்கி அமருமாறு கயிற்றின் நீளத்தை அளந்துவிட்டால் இழுவை குறையும். கயிறு மிதக்கும் வகையாக இல்லாவிட்டால், பின்னோக்கிப் போகும்போது எஞ்சின் விசிறி அதைச் சுற்றிக்கொள்ளும். காற்று வலுத்த அன்று காற்றடித்த டிங்கி எழுந்து குப்புறக் கவிழும்; கெட்டி டிங்கி தண்ணீர் குடித்து நின்றுவிடும், கயிறு அறும். மூன்றாவது வகை முடிவு எனக்குத் தெரிந்து இல்லை. பிரிந்த டிங்கி திரும்பி வந்ததாக மரபு கிடையாது.

முல்லை என்பது காற்றை இறக்கிச் சுருட்டிப் பெட்டிக்குள் வைப்பது. இருத்தல் அதன் உரிப்பொருள், சிறுபொழுது மாலை. ஐந்தில் இதுதான் எனக்குப் பிடித்த திணை, ஏனென்றால் பொழுதும் ஒழுக்கமும் இவ்வளவு துல்லியமாகப் பொருந்துவது பழம்பாட்டிலும் அரிது. படகு மாலையில் குடாவுக்குள் வரும். நங்கூரம் பிடிக்கும். கரையில் உணவகத்து விளக்குகள் எரியத் தொடங்கும், மீன் வறுக்கும் மணம் காற்றில் வரும். தலைவி புறப்பட்டு நிற்பாள். தலைவன் முன்தளத்தில் ஒற்றைக் காலால் பம்பை மிதித்துக்கொண்டிருப்பான். வலது அறை நிரம்பும். இடது அறை நிரம்பும்போது வலது அறையின் அடைப்பான் சரியாக மூடவில்லை என்று தெரியவரும். உணவகம் மூடும்வரை ஆற்றியிருத்தல் இத்திணையின் சிறப்பு. கடையிலிருந்து வந்த நாளில் டிங்கி அடங்கிய பையில் மறுபடி அதை அடக்கியவர் எவரும் இல்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

காற்றுப்படகின் துணி பற்றி ஒரு வார்த்தை. பிவிசி விலை குறைவு, ஆனால் வெப்பநாட்டு வெயிலில் சில ஆண்டுகளில் பிசுபிசுத்து ஒட்டு விட்டுப்போகும். ஹைபலான் விலை அதிகம், வெயிலைத் தாங்கும். வெயிலில் கிடந்தால் உள்ளே காற்று விரிந்து டிங்கி விம்மும்; குளிர்ந்த நீரில் இறக்கினால் தளரும். துடுப்பு போட்டால் நகர்வது போலப் பாவனை செய்யும், எதிர்க்காற்றில் பாவனையும் நின்றுவிடும். ஆகவே மோட்டார் வேண்டும், மோட்டாருக்குப் பெட்ரோல், பெட்ரோலை எங்கே வைப்பது? கெட்டி டிங்கியோ துடுப்புக்கு அம்பாகப் போகும், ஆனால் அதன் விளிம்பில் காலை வைத்தவர் பையுடன் நீராடிவிட்டு வருவார். காற்றுப்படகின் விளிம்பில் மாமியாரையே உட்கார வைக்கலாம்.

எஞ்சிய இரண்டு திணைகளையும் விட்டுவிட முடியாது. 8 மீட்டர் படகுக்கு 3 மீட்டருக்கு மேற்பட்ட கெட்டியடி ரப்பர் டிங்கியும் 15 குதிரைத்திறன் மோட்டாரும் வாங்குவது பெருந்திணை. பொருந்தாக் காமம் என்ற விளக்கமே போதும். டிங்கியே இல்லாமல், கரையிலிருந்து யாரேனும் வந்து ஏற்றிப்போவார் என்று நம்பி நிற்பது கைக்கிளை. இதற்கு மாபெரும் சான்று நம் சென்னைதான். 1639இல் ஆங்கிலேயர் இடம் பெற்றது முதல் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை இங்கே துறைமுகம் கிடையாது. கப்பல்கள் வெளிக்கடலில் நங்கூரமிடும். கப்பலின் சொந்தப் படகுகள் கரையலையில் சிக்கினால் சுள்ளியாகிவிடும். எனவே ஆளுநரானாலும் சரி, அவர் பியானோ ஆனாலும் சரி, மசூலாப் படகுக்காகக் காத்திருக்க வேண்டியதுதான். ஆணியில்லாமல் பலகைகளைத் தேங்காய் நாரால் தைத்த படகு அது. அலை அறையும்போது வளைந்து கொடுக்கும். மசூலாவும் போக முடியாத நாளில் கட்டுமரக்காரர் தலைத்தொப்பிக்குள் கடிதங்களை நனையாமல் வைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பார். வேலை முடிந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே மணலில் உலரப் போடுவார். வைப்பிடச் சிக்கலை இவ்வளவு எளிதாகத் தீர்த்த டிங்கி வேறொன்று உண்டோ என்று நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கருதுகோளுக்குத் திரும்புவோம், ஏனென்றால் வலுவான சான்று இன்னும் பாக்கியிருக்கிறது. 1972 ஜூனில் டூகல் ராபர்ட்சனின் குடும்பம் போன ‘லூசெட்’ என்ற பாய்க்கப்பலைக் கலாபகோஸ் தீவுகளுக்கு மேற்கே கொலைத்திமிங்கிலங்கள் மோதின. நிமிடங்களில் மூழ்கியது. ஆறு பேர் உயிர்காப்புத் தெப்பத்தில் ஏறினார்கள். இரண்டு வாரங்களுக்குப் பிறகு தெப்பம் உதவாமல் போயிற்று. அதன்பிறகு ஆறு பேரும் ‘எட்னமேர்’ என்ற கண்ணாடியிழை டிங்கியில் மழைநீர் பிடித்தும் ஆமை பிடித்தும் உயிர் வைத்திருந்தார்கள். 38ஆம் நாள் ஜப்பானிய மீன்பிடிக் கப்பல் ஒன்று அவர்களை மீட்டது. லூசெட் இன்று கடலடியில் கிடக்கிறது. எட்னமேர் இங்கிலாந்தின் ஃபால்மத் நகரில் அருங்காட்சியகப் பொருள். எது முதன்மை, எது துணை என்பதை அந்த அருங்காட்சியகத்தார் தீர்த்து வைத்துவிட்டார்கள்.

காற்றுப்படகுக் கட்சி இதற்கு மறுப்பு வைத்திருக்கிறது. 1952இல் அலேன் பொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் நாலரை மீட்டர் ரப்பர் படகில் கேனரித் தீவுகளிலிருந்து பார்படோஸ்வரை 65 நாள் தனியே போனார். 1973இல் பெய்லி தம்பதியர், திமிங்கிலம் மோதிப் படகு மூழ்கிய பின், தெப்பத்தையும் காற்றடிக்கும் டிங்கியையும் ஒன்றாகக் கட்டிக்கொண்டு 118 நாள் பசிபிக்கில் மிதந்தார்கள். மறுப்பை ஏற்கிறேன். இரு கட்சியும் நிறுவுவது ஒன்றையே, அதாவது என் கருதுகோளை.

ஆகவே தேர்வு முறை தலைகீழாக வேண்டும். கடைக்குப் போகுமுன் வாங்க நினைக்கும் டிங்கியின் அளவுக்கு அட்டைப்பெட்டிகளை வெட்டி ஒட்டிக் கூரையில் கட்டுங்கள். ஒரு சனி, ஞாயிறு அதனோடு வாழுங்கள்: பாய் ஏற்றுங்கள், இருட்டில் பாய்மரம்வரை போய் வாருங்கள், சாளரத்தைத் திறந்து பாருங்கள். அட்டை கிழியாமல் தப்பினால் அந்த அளவில் ஒரு கெட்டி பிராம் வாங்கலாம். கிழிந்தால் ஹைபலான், பம்பு, பொறுமை. சுருட்டி வைக்கும் பெட்டிக்கும் கூரைக்கும் நடுவே வேறு சமரசம் சொல்பவர் எதையோ விற்க வந்தவர் என்று கொள்க. மோட்டார் எதுவானாலும், துடுப்பு இரண்டும் உள்ளே இருக்கட்டும். நள்ளிரவில் உணவகத்திலிருந்து திரும்பும் அந்த 200 மீட்டரைப் பெருங்கடல்களைவிடவும் ஆபத்தானதாகப் பட்டறிந்தவர்கள் எண்ணுகிறார்கள்.

இறுதியாகப் பெயர். டிங்கியின் பின்பலகையில் தாய்ப்படகின் பெயரை எழுதுவது நெடுநாள் வழக்கம். டிங்கி கரையில் கட்டியிருக்கிறது என்றால் இன்ன பெயருள்ள படகில் இப்போது ஆளில்லை என்று திருடருக்கு எழுதி ஒட்டிய அறிவிப்பு அது என்பதைப் பலர் தாமதமாகவே கண்டு, பெயரெழுதுவதை நிறுத்தினர். கரீபியத்தில் பலர் டிங்கியை இரவு தண்ணீரில் விட்டுவைப்பதில்லை; பாய்க்கயிற்றில் மாட்டித் தளத்தின் உயரத்துக்குத் தூக்கித் தொங்கவிடுவார்கள். பெயரெழுதாப் பள்ளியிலிருந்து கிளைத்த தீவிரப் பிரிவினர், எவரும் ஆசைப்படாத அளவுக்கு டிங்கியை அவலட்சணமாகப் பெயிண்ட் அடித்துவிட்டால் பூட்டே வேண்டாம் என்கின்றனர். அவலட்சணத்துக்கு உகந்த நிறம் எது என்பதில்தான் இப்போது சர்ச்சை. சாணிப்பச்சை என்பது ஒரு சாரார் கட்சி. மீந்த பெயிண்ட் டப்பாக்களையெல்லாம் ஒன்றாகக் கலக்கி அடிப்பது இன்னொரு சாரார் மரபு, அதில் சிக்கனமும் உண்டு. நான் பஞ்சுமிட்டாய் இளஞ்சிவப்பை முன்மொழிகிறேன்.